அறுபது வினாடிக்குப் பொறுப்பானவர்

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், மெஷினுக்கு ஊட்டிவிடுகிற வேலை என்று சொல்லிவிடுவேன். அவருக்கு அது பிடிக்காது. "ஃபர்ம்வேர் ஏற்றும் இடைமுகம்" என்று திருத்துவார். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். இருபத்திரண்டு வருஷமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படியொன்றும் கம்பசூத்திரம் இல்லை. கம்ப்யூட்டரில் செருகுகிற கருவிகள் பலவும் மண்டையில் ஒன்றுமில்லாமல்தான் கடையிலிருந்து வருகின்றன. செருகியதும் அந்தக் கருவிக்கான டிரைவர் விழித்துக்கொண்டு, "இந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கும், எடுத்து வா" என்று கம்ப்யூட்டரின் இயங்குதளத்திடம் கேட்கும். இயங்குதளம் தேடி எடுத்துக் கொடுக்கும். டிரைவர் அதைக் கருவிக்குள் ஊற்றியதும் கருவிக்கு உயிர் வரும். அந்தக் கோப்புக்குப் பெயர்தான் ஃபர்ம்வேர். கேட்பதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் இருக்கிற சின்னப் பகுதிக்கு என் வீட்டுக்காரர் பொறுப்பாளர்.

அது எல்லோருக்கும் இலவசமான இயங்குதளம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யாருக்காவது ஒரு மாற்றம் வேண்டுமென்றால் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு மின்னஞ்சல் குழுவுக்கு எழுத வேண்டும். இவர் பகுதியைத் தொடுகிற மாற்றமென்றால் இவர் சரி சொன்னால்தான் உள்ளே போகும். இவர் பெரும்பாலும் சரி சொல்ல மாட்டார். வீட்டில் நான் வைத்த பெயர் முட்டுக்கட்டை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அது அவருக்குப் பழகிவிட்டது.

அவர் கறார் பேர்வழி ஆனதற்குக் காரணம் இருந்தது. அந்த உலகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வசதியை உள்ளே விட்டு, அதை எங்கோ ஒருவர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டால், அப்புறம் அதை எடுக்கக் கூடாது. எத்தனை அசிங்கமாக இருந்தாலும் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். இவரிடம் ஏற்கெனவே அப்படி ஐந்து இருந்தன. ஒரே வேலைக்கு, கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்கிற ஐந்து வழிகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அவசரம் என்று வந்து நின்றபோது இரக்கப்பட்டுச் சேர்த்தது. அந்த ஐந்தையும் பற்றிப் பேசும்போது கடன்காரனைப் பற்றிப் பேசுகிற மாதிரி முகம் சுருங்கும்.

அந்த அறுபது வினாடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிரைவர் கேட்ட கோப்பு கிடைக்காவிட்டால் இயங்குதளம் உடனே கையை விரிக்காது. ஒருவேளை வேறொரு நிரல் அதைக் கொண்டுவந்து தருமோ என்று ஒரு நிமிஷம் காத்திருக்கும். அந்த அறுபதைப் போட்டது இவர்தான், எங்களுக்குக் கல்யாணமான புதிதில். ஏன் அறுபது என்று நான் கேட்டேன். முழு நிமிஷமாக இருக்கட்டுமே என்றார்.

இவருக்கு ஒரே தங்கச்சி. பதினோரு வயதில் காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போய்விட்டது. அவளோடு சேர்ந்து இவரும் பிரெய்ல் கற்றுக்கொண்டார். ஆனால் இவர் விரலுக்கு அது ஏறவே இல்லை, புள்ளியைக் கண்ணால் பார்த்துத்தான் படிப்பார். திருட்டுப் படிப்பு என்று என் நாத்தனார் இன்றைக்கும் கிண்டல் செய்வாள். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். எனக்கும் அப்படித்தான் என்பதால் நாங்கள் இரண்டு பேரும் முதல் நாளிலிருந்தே கூட்டாளிகள்.

அவளுடைய கணவர் எடை மெஷின் பழுதுபார்ப்பவர். கடை கடையாகப் போய் தராசின் உள்ளே கையை விட்டுச் சரிசெய்கிற மனிதர். அதிர்ந்து பேச மாட்டார். என் வீட்டுக்காரர் அவரை மாப்பிள்ளை என்பார், நான் அண்ணா என்பேன். என் நாத்தனாரிடம் ஒரு பிரெய்ல் பலகை இருந்தது. விசைப்பலகைக்குக் கீழே வைத்துக்கொள்ளும் நீளப் பெட்டி. திரையில் இருக்கிற வரி அதில் புள்ளிகளாக எழும்பும், விரலை ஓட்டிப் படிக்கலாம். இந்த இயங்குதளத்தில் அந்தப் பலகை வேலை செய்யாது என்று தெரிந்ததும், மாப்பிள்ளை புத்தகத்தை வாங்கிவைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டி அதற்கு ஒரு டிரைவர் எழுதினார். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, படித்தவன் எழுதுகிறதைவிடச் சுத்தமாக இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்த டிரைவரை நம்பித்தான் என் நாத்தனாருக்கு வேலை கிடைத்தது. தண்ணீர் விநியோக அலுவலகத்தில் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுப் பதிவுசெய்கிற பிரிவு. அங்கே இந்த இயங்குதளம்தான். திரையில் வருவதைக் குரலில் படித்துக்காட்டுகிற நிரல் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரு காதில் குழாய் உடைந்தவர் கத்துகிறார், இன்னொரு காதில் மெஷின் முகவரி படிக்கிறது, இரண்டும் கலந்து எதுவுமே விளங்காது. காதைத் தொலைபேசிக்கு விட்டுவிட்டு விரலால் படித்தால்தான் சரிப்படும். அதற்குத்தான் பலகை. ஆறு மாதம் வேலையைப் பார்ப்பார்கள், திருப்தியாக இருந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். முப்பத்தாறு வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் அலுவலக வேலை.

சேர்ந்த இரண்டாவது வாரமே சிக்கல் தெரிந்துவிட்டது. அந்தப் பலகை வகைக்கு டிரைவர் இரண்டு கோப்புகள் கேட்கும். முதல் கோப்பு எல்லாப் பலகைக்கும் உண்டு. இரண்டாவது சில மாடல்களுக்கு மட்டும். அவளுடைய மாடலுக்கு அப்படி ஒரு கோப்பை யாரும் உண்டாக்கவே இல்லை. இன்ன மாடல் என்று பலகை வாயைத் திறப்பதே இரண்டையும் கேட்டு முடித்த பிறகுதான் என்பதால், கேட்காமல் விடவும் முடியாது. இல்லாத கோப்புக்காக இயங்குதளம் ஒரு நிமிஷம் காத்திருக்கும். அந்த ஒரு நிமிஷமும் பலகை கட்டையாகக் கிடக்கும். வீட்டில் காலையில் ஒருமுறை என்றால் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் சரியாகிவிடும். அலுவலகத்தில் ஒவ்வொரு இடைவேளைக்கும் கம்ப்யூட்டர் தூங்கி எழும்பும், ஆள் மாறும்போது எழும்பும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை. மணி அடித்து இருபது வினாடிக்குள் எடுக்காவிட்டால் அழைப்பு அடுத்தவருக்குப் போய்விடும், இவள் கணக்கில் ஒரு கோடு விழும்.

மாப்பிள்ளை யோசித்து ஒரு சின்ன மாற்றம் எழுதி அனுப்பினார், முறைப்படி, எல்லோரும் பார்க்கிற குழுவுக்கு. கேட்கிறதுக்கு இன்னொரு வழி. இருந்தால் கொடு, இல்லாவிட்டால் உடனே இல்லை என்று சொல், காத்திருக்காதே. மொத்தம் பதினொரு வரி.

என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இவர் மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு விளக்கினார். மாற்றத்தில் தப்பில்லை, ஆனால் இதைச் சேர்த்தால் இது ஆறாவது வழி. அடுத்த மாதம் இன்னொருவர் ஏழாவதோடு வருவார். எத்தனை ஆசைகள் வந்தாலும் தாங்குகிற மாதிரி ஒரே ஒரு வழியை ஒழுங்காகக் கட்டிவிடலாம், அதில் உங்கள் ஆசையும் ஒன்றாக வந்துவிடும். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, சொந்தக்காரர் என்பதால் சேர்த்துவிட்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்றும் சொன்னார். மாப்பிள்ளை தலையாட்டினார். என் நாத்தனார் மட்டும், எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். இரண்டு மாதம் என்றார் இவர்.

அந்த ஒரே வழி எப்படி இருக்க வேண்டும் என்ற யோசனை இவருக்கு என் அலுவலகத்தில்தான் வந்தது. நான் தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் இருக்கிறேன். ஒருநாள் மத்தியானம் சாவியைக் கொடுப்பதற்காக வந்தவர், கவுண்டரில் கிடந்த படிவத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் படிவத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள், பெறுபவர் கையெழுத்து வேண்டுமா என்று. அந்த வரி இல்லாத பழைய படிவத்தை யாராவது கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வாங்கிக்கொள்வோம், அந்த வரி இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம் என்று அர்த்தம் என்றேன். ஒரு படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். சாவியைக் கொடுக்காமலே போய்விட்டார்.

டிரைவர் இனி ஒரு படிவத்தைப் பூர்த்திசெய்து நீட்டினால் போதும். என்ன கோப்பு, கட்டாயமா இல்லையா, காத்திருக்கலாமா கூடாதா. நிரப்பாத இடத்துக்குப் பழைய வழக்கமே பொருந்தும். புதிய ஆசை வந்தால் படிவத்தின் கடைசியில் புதிய வரி. பழைய டிரைவர்கள் பழைய படிவத்தையே நீட்டலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. இவர் இதைச் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கவுண்டர் படிவம் உலகம் முழுக்கப் போகப்போகிறது என்று கூட வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குழுவில் போட்டதும் ஆளாளுக்குக் கிளம்பினார்கள். படிவம் எத்தனை நீளம் என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும், இல்லாவிட்டால் பழையது எது புதியது எது என்று எப்படித் தெரியும் என்றார் ஒருவர். அது நியாயம் என்று இவர் மாற்றினார். எழுதக் கூடாத இடத்தில் கிறுக்கிவைத்தால் கண்டுகொள்ளாமல் விடுவதா, படிவத்தையே திருப்பிவிடுவதா என்று மூன்று வாரம் சண்டை. பிறகு பெயர் சரியில்லை என்று ஒரு கூட்டம். ஒவ்வொன்றுக்கும் இவர் பொறுமையாகப் பதில் எழுதினார், முதலிலிருந்து திருத்தி அனுப்பினார். நான்காவது மாதம் ஒன்பதாவது திருத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாதம்தான் மாப்பிள்ளை பழைய நிரலுக்குள்ளே ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த அறுபது, மாற்ற முடியாத எண் இல்லை. எங்கும் எழுதிவைக்காத ஒரு அமைப்பு உள்ளே இருந்தது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஒரே ஒரு வரி போட்டால் அறுபது ஒன்றாகிவிடும். புதிதாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. தண்ணீர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரியிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் நல்லவர்தான், ஆனால் ரூல்ஸ் பேசுகிறவர். எங்கும் எழுதப்படாத வரியை நான் போட மாட்டேன், இந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் பயன்படுத்தலாம் என்று எழுதட்டும், உடனே போடுகிறேன் என்றிருக்கிறார். மாப்பிள்ளை அதையும் முறைப்படி குழுவிலேயே கேட்டார். இந்த அமைப்பை நம்பிப் பயன்படுத்தலாமா?

காலையில் வேலைக்குக் கிளம்புகிற நேரம். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். இவர் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து, மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார் என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. எனக்கு விஷயத்தைச் சொன்னார். அப்படியென்றால் சரியாகிவிடும்தானே என்று கேட்டேன்.

"சரியாயிடும். ஆனா நான் பயன்படுத்தலாம்னு எழுதிட்டா அப்புறம் அதை எடுக்கவே முடியாது. ஒருத்தரா, அதைப் பாத்து ஆயிரம் பேர் போடுவாங்க. புது வழியில ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தானே சொல்லிக்கப் போகுது, மொத்த மெஷினுக்கும் ஒரே எண்ணுங்கிறதே இருக்கக் கூடாது. அதைத் தூக்கிப் போடத்தான் இவ்வளவு பாடுபடறேன்."

"உங்க தங்கச்சி வேலைங்க."

"தெரியாதா எனக்கு? ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள புதுசு வந்துரும்."

மறுக்க வேண்டாம் என்று நான் சண்டை போட்டிருக்க வேண்டும். சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டைத் தலைகீழாக்குகிறவள், அன்றைக்கு ஏனோ வாயை மூடிக்கொண்டேன். என் படிவம் என்கிற பெருமையும் அதில் கொஞ்சம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இவர் எழுதினார். "இந்த அமைப்பை நம்ப வேண்டாம். விரைவில் நீக்கப்படும்." யாரோ முன்பின் தெரியாதவருக்கு எழுதுகிற மாதிரி இரண்டே வாக்கியம். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அதிகாரி அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டாராம். எழுதியவரே வேண்டாம் என்கிறார், நான் எப்படிப் போடுவது என்று மாப்பிள்ளையிடம் வருத்தத்தோடுதான் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வற்புறுத்தவில்லை. மச்சான் வேண்டாம் என்றால் அதில் ஒரு காரணம் இருக்கும் என்று வீட்டில் சொன்னாராம்.

என் நாத்தனார் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். இடைவேளைக்கு எழுந்து போகாமல் இருந்தாள், கம்ப்யூட்டர் தூங்காமல் இருக்க மேஜையிலேயே சாப்பிட்டாள். பக்கத்து இருக்கைக்காரி சில அழைப்புகளை எடுத்து உதவினாள். ஆனால் ஆள் மாறுகிற நேரத்தை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆறாவது மாத முடிவில், உழைப்பைப் பாராட்டுகிறோம், நிரந்தரமாக்க இயலவில்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். அப்போது குழுவில் பன்னிரண்டாவது திருத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் என்னைத்தான் தொலைபேசியில் கூப்பிட்டாள், அண்ணனை இல்லை. அழவில்லை. திட்டுகிறவர்களின் குரல்தான் இனிமேல் கிடைக்காது அண்ணி என்றாள். எந்தத் தெருவில் எந்தக் கிழமை தண்ணீர் வராது, எந்த வீட்டுக்காரர் முதலில் கத்திவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்பார் என்பதெல்லாம் ஆறு மாதத்தில் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஊரே என்னோடு சண்டை போட்டது, நன்றாக இருந்தது என்றாள். நான் ரிசீவரை வைத்துவிட்டுக் கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். இவரிடமும் சொன்னேன். இரண்டு நாள் குழுவில் எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதவில்லை. மூன்றாவது நாள் எழுத ஆரம்பித்துவிட்டார், முன்பைவிட வெறியாக.

பதினான்காவது மாதம், பதினேழாவது திருத்தத்தில் புது வழி உள்ளே போனது. குழுவில் பாராட்டினார்கள். பல வருஷம் நிற்கும் என்றார்கள், நிற்கவும் நிற்கும், அவர் வேலையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. முதன்முதலில் புதுப் படிவத்துக்கு மாற்றிய டிரைவர் மாப்பிள்ளையுடையது. மாற்றியது இவரே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனோம். அவளுக்கு இப்போது பள்ளிப் பாடப் புத்தகங்களின் பிரெய்ல் பிரதியைப் பிழை திருத்துகிற வேலை, வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. முன்னறையில் மேஜை, அதன் மேல் பலகை. இவர் புதிய பதிப்பை ஏற்றி முடித்து, பலகையின் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். இரண்டு எண்ணுவதற்குள் புள்ளிகள் எழும்பின. அவள் விரலை ஓட்டிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள், உபசாரத்துக்கு இல்லாமல் மனதாரத்தான் சொன்னாள். மாப்பிள்ளை இவர் தோளைத் தட்டினார். இவர் முகத்தில் ஒரு வருஷத்துக்கு அப்புறம் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

பிறகு அவள் கேட்டாள். "அந்தப் பழைய வரி இருந்துச்சே அண்ணா, அறுபதை ஒண்ணாக்குறது. அதை எடுத்தாச்சா?"

எனக்குப் பதில் தெரியும். புது வழி வந்த வாரமே அதை நீக்கப்போவதாக இவர் குழுவில் எழுதினார். மறுநாளே எங்கோ ஒரு நூல் மில்லிலிருந்து ஒருவர் எழுதிவிட்டார். அவர்களுடைய எண்பது மெஷின்களில் மூன்று வருஷமாக அந்த வரி இருக்கிறதாம், எடுத்தால் மில் நின்றுவிடுமாம். ஒருவர் பயன்படுத்தினாலும் எடுக்கக் கூடாது என்பதுதானே கட்டுப்பாடு. இவர் நீக்கவில்லை. இனி எந்தக் காலத்திலும் நீக்க முடியாது.

"இல்லம்மா. இருக்கு," என்றார். மில்லைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார்.

அவள் கை பலகையின் மேலேயே இருந்தது. "அந்த மில்லுக்காரர் அதைப் போடலாமான்னு உன்கிட்டக் கேட்டாரா?"

"கேக்கல. அவங்க பாட்டுக்குப் போட்டுக்கிட்டாங்க."

"நாங்க கேட்டோம்," என்றாள்.